2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கிராம அலுவலர் ஐயா, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா, எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் தங்கச்சி, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன. டெங்குச் சிரமதானம், முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி, நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்துக் குளோரின் இட்டது எல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன. கடன் விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குத் தந்த நேரத்தைக் காசநோய் வேலைக்கே எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 24 உலக காசநோய் தினம். 1882 இல் அந்த நாளில்தான் ரொபேட் கொக் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அன்று முன்பள்ளியில் கூட்டம் வைத்து, இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்கவேண்டும் என்று சொன்னோம். அடுத்த கிழமை ஒரு மருமகள் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அந்த அம்மாவுக்குச் சீனி வருத்தமும் உண்டு. மாரி தொடங்கியதிலிருந்து இருமல். "பனிக்குத்தான் பிள்ளை" என்றே சொல்லிவந்திருக்கிறார். சளியில் கிருமி இருந்தது.

2009 இல் வவுனியா முகாம்களில் ஒரே தறப்பாளுக்குள் எத்தனை குடும்பம் கிடந்தோம் என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படி நெருக்கத்தில் தொற்றிய கிருமி உடம்புக்குள் வருடக்கணக்காக உறங்கிக் கிடந்து, முதுமையிலோ சீனி வருத்தத்திலோ எழும்பும். ஆகவே யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஊருக்குள் கதைப்பதை நிறுத்துங்கள். அந்த வீட்டில் யாருக்குப் போகப்போகிறது என்பதே கேள்வி.

நான் அந்த மாமியாரின் வீட்டுக்குப் போனபோது, பிள்ளைகளுக்கு அப்பம்மாவான அவருடைய கோப்பையும் பேணியும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எட்டு மாதக் கைக்குழந்தையோ அவருடைய பாயில் நித்திரை. மழைச் சாரலுக்குப் பயந்து யன்னலைத் தகரத்தால் அடைத்திருந்தார்கள். காசநோய் கோப்பையால் தொற்றாது. இருமும்போது வரும் காற்றால் தொற்றும். அன்றைக்கே தகரத்தைக் கழற்றினோம், பாயை மாற்றினோம்.

பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போதாதா என்று பலர் கேட்கிறீர்கள். மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவுகிற காசநோயாகவும் மாறாமல் அது பெருமளவு காக்கும். நுரையீரல் காசநோயை முழுவதும் தடுக்காது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, அதிலும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு, தொற்றினால் வருத்தம் வேகமாக வரும். ஆகவே பெரியவருக்கு நோய் என்று தெரிந்தால் வீட்டின் கடைக்குட்டியை முதலில் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோகவேண்டும். பிள்ளைகள் சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். இருமல் இல்லாமல்கூட எடை ஏறாது, விளையாட மனம் வராது, கழுத்தில் கட்டி தட்டுப்படும். சுகாதார விருத்திப் பதிவேட்டில் எடைக்கோடு படுத்தால் அதைப் பாருங்கள்.

அந்த வீட்டு மூன்று வயதுக்காரனுக்கு எடைக்கோடு படுத்திருந்தது. கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் மான்டூ ஊசியைக் கையில் போட்டார்கள். போட்ட இடத்தை 48 மணித்தியாலத்துக்கும் 72 மணித்தியாலத்துக்கும் இடையில் பார்க்கவேண்டும். சிவப்பை விட்டு, விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பை மில்லிமீற்றரில் அளப்பார்கள். திரும்பக் கூட்டிக்கொண்டு போக ஓட்டோ ஒழுங்கு செய்வதாகச் சொன்னவள் நான். சிறுபோக விதைப்பு அவசரத்தில் மறந்துபோனேன். ஐந்தாம் நாள் போனபோது கையில் பேனையால் போட்ட வட்டம் மட்டும் மங்கலாக இருந்தது. மறுபடி ஊசி, மறுபடி அந்தப் பிள்ளையின் அழுகை. அது என் பிழை, சபை அறியச் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயும் பார்த்து, இரண்டு பிள்ளைகளுக்கும் வருத்தம் இல்லை என்று உறுதிசெய்தபின் ஆறு மாதத்துக்கு ஐசோனியசிட் என்ற தடுப்புக் குளிசை கொடுத்தார்கள். உறுதிசெய்யாமல் கொடுத்தால் ஆபத்து: உள்ளே நோய் இருக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

"துள்ளி விளையாடுற பிள்ளையளுக்கு என்னத்துக்கு அக்கா ஆறு மாசம் குளிசை?" என்று தாய் கேட்டாள். இந்த வேலையில் மிகக் கடினமான கேள்வி இதுதான். நோயைத் தடுக்கும் குளிசை வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. தொற்றிய பிள்ளைக்கு வருத்தம் வருவதானால் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள் வந்துவிடும், அந்தக் காலத்தைக் கடத்தத்தான் இந்தக் குளிசை என்று குடும்பநல உத்தியோகத்தர் திண்ணையில் இருந்து பொறுமையாகச் சொன்னார். சத்தி, சாப்பாட்டு வெறுப்பு, கண் மஞ்சள் கண்டால் குளிசையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார். எடைக்கேற்ற அளவு என்பதால் மாதந்தோறும் பிள்ளைகளின் எடையைப் பார்த்தார்கள். தாய் கரண்டியில் தண்ணீர் விட்டுக் குளிசையைக் கரைப்பாள். கொடுத்ததும் கலண்டரில் கரிக்கட்டியால் ஒரு கோடு.

இடையில் ஒரு முன்பள்ளி மூத்தவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவனுக்கு நோய் இல்லை, அவனிடமிருந்து யாருக்கும் தொற்றாது. பரிசோதகர் ஐயாவும் நானும் போய்ப் பெற்றோருக்கு விளக்கினோம். பத்து நாள் கழித்துச் சேர்த்தார்கள். அந்தப் பத்து நாளும் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படலையடியில் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

நவம்பர் வெள்ளத்தில் அவர்கள் பாடசாலைக்கு இடம்பெயர்ந்தார்கள். தாய் கொண்டுவந்த ஒரேயொரு பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டைகள், பதிவேடுகள், மிச்சக் குளிசைகள். ஒரு நாளும் தவறவில்லை. அப்பம்மா ஒக்ரோபரில் தன் மருந்தை முடித்துச் சளியும் சுத்தம் என்று வந்தது. மூத்தவன் டிசம்பரில் முடித்தான்.

சிகிச்சை இலவசம், பஸ்காசும் அன்றைய கூலியும் இலவசமில்லை. ஆகவே சபையிடம் இரண்டு விடயம் கேட்கிறேன். ஒன்று, மான்டூவுக்குப் போகும் தாய்க்கு இரண்டு தடவைப் போக்குவரத்துச் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுப்பது. மற்றது, திரும்பக் கூட்டிப்போகும் பொறுப்பை ஒருவரிடம் விடாமல் இருவர் பெயரில் குறிப்பேட்டில் எழுதுவது. இரண்டையும் இன்றே பிரேரணையாக எடுத்து அங்கீகாரம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்