தடிப்பின் பெயர் தெரியாமல் களிம்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 28 ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். சம்பா நடவு முடிந்து மழை பிடித்துக்கொள்ளும் இந்த மாதங்களில் மார்பிலும் முதுகிலும் வயிற்றிலும் இடுப்பிலும் அரிப்பும் தடிப்புமாக வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் எங்களிடம் வருமுன்பே மருந்துக் கடையில் வாங்கிய ஒரு களிம்பு டியூபைப் பாதிக்குமேல் தீர்த்திருப்பார்கள். அந்த டியூப் செய்யும் கேட்டைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முகத்திலோ கையிலோ ஏதாவது வந்தால் வீட்டில் நாலு பேர் பார்த்து என்னவென்று கேட்பார்கள். உடுப்புக்குள் வருவதை யாரும் பார்ப்பதில்லை. குறிப்பாகப் பெண்கள், மார்புக்கு அடியிலும் பாவாடை நாடா கட்டும் இடத்திலும் வந்ததை ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காசைக் கொடுத்து அரிப்புக்கு ஒரு டியூப் வாங்கிவரச் சொல்கிறார்கள். உடம்பைப் பார்க்காமலே கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். அப்படிக் கொடுக்கப்படுபவற்றில் பல, பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி, வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்தவை.

நம் பகுதியில் இடுப்பையும் முதுகையும் அதிகம் பிடிப்பது படர்தாமரைதான். நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நடவு நட்டு, நனைந்த சேலையை மாலை வரை மாற்ற முடியாமல் இருக்கும் பெண்களின் இடுப்பு, பூஞ்சை வளர்வதற்குத் தோதான இடம். ஓரம் மட்டும் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிந்து, வட்டம் வட்டமாகப் பரவுவது இதன் அடையாளம். இதன்மேல் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடும், சிவப்பும் மறையும். ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியை ஸ்டீராய்டு தணித்துவிடுவதால் பூஞ்சை அடியில் தடையின்றிப் படர்கிறது. களிம்பை நிறுத்திய சில நாளில் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்புகிறது. வட்டத்தின் வடிவமும் கலைந்துவிடுவதால் பழகிய மருத்துவர்கூட இன்னதென்று சொல்லத் தடுமாறுகிறார். மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, தொடை இடுக்கிலும் அக்குளிலும் விழும் வரிகள் பிறகு மறைவதே இல்லை. நடவு வேலை செய்யும் ஓர் அம்மாள் ஓராண்டுக்கு மேல் இப்படி டியூப் மாற்றி டியூப் பூசிவிட்டு என்னிடம் வந்தபோது, அவருடைய இடுப்பைச் சுற்றி மட்டுமல்லாமல், ஒரே துண்டைப் பயன்படுத்திய கணவருக்கும் மகளுக்கும் அது பரவியிருந்தது. மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, தனித்தனித் துண்டு வைத்துக்கொள்ளவும், துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கவும், தடிப்பு மறைந்த பின்னும் 2 வாரமாவது மருந்தைத் தொடரவும் சொன்னோம். குணமாவதற்கு நான்கு மாதங்களாயின. இப்போது வழக்கமான பூஞ்சை மாத்திரைகளுக்கும் கட்டுப்படாத படர்தாமரை நாடெங்கும் பெருகியிருக்கிறது. அதற்கு இந்தக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

மத்திய அரசு 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. விதி வந்த பிறகும் டியூப் கையில் கிடைக்கத்தான் செய்கிறது என்பதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அக்கியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சின்னம்மை வந்து போன பிறகும் அதன் வைரஸ் நரம்பின் வேரில் தங்கியிருந்து, வயதான காலத்திலோ உடல் தளர்ந்த நேரத்திலோ கிளம்பி, பெரும்பாலும் முதுகெலும்பிலிருந்து மார்பு வரை ஒரு பக்கமாக மட்டும் பட்டைபோலக் கொப்புளம் போடுவதே அக்கி. கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடுவதால், வாய்வு என்று இஞ்சிச் சாறு குடித்தவர்களும் மாரடைப்போ என்று பயந்து ஓடியவர்களும் உண்டு. மண்பாண்டம் செய்பவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. அதன்மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் இதற்கான, வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். எழுதிவிட்டு ஒரு வாரம் காத்திருந்து வருகிற 60 வயதுக்காரருக்குக் கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

அக்கி என்று நினைத்து வருகிறவற்றில் சில அக்கியே அல்ல. கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி அமைந்த, எறும்பைப் போல நீண்ட ஒரு சிறு வண்டு நெல் வயல்களில் இருக்கிறது. நெற்பயிரைக் கெடுக்கும் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்பதால் பயிருக்கு அது நன்மை செய்வதே. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வந்து, கழுத்திலோ முதுகிலோ ஊரும்போது நாம் நசுக்கிவிட்டால், அதன் உடலிலுள்ள நச்சு நீர் பட்ட தடத்தில் மறுநாளோ அதற்கு மறுநாளோ தீப்பட்டதுபோல் கோடாகக் கொப்புளிக்கும். ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுவதே இதற்கு வழி. மழைக்காலத்தில் முருங்கை மரத்தடிக் கொடியில் உலர்த்திய ரவிக்கையிலும் பனியனிலும் கம்பளிப்பூச்சியின் சுணை ஒட்டியிருந்து முதுகெல்லாம் திட்டுத் திட்டாகத் தடிப்பதும் இதே பருவத்தில்தான்.

இரவில் அரிப்பு கூடி, வீட்டில் ஒருவர் விடாமல் சொறிகிறார்கள் என்றால் அது சிரங்கு. விரலிடுக்கையும் தொப்புளைச் சுற்றியும் பார்த்தால் தெரிந்துவிடும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் பூசி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும். அரிக்கிறவர் மட்டும் பூசினால் அது அவரிடமே திரும்பி வரும். வேர்க்குருவுக்குக் காற்றும் குளிர்ந்த நீரும் தளர்ந்த பருத்தித் துணியும் போதும். பவுடரை அப்புவது வியர்வைத் துளையை மேலும் அடைக்கும்.

தேமலும் பூஞ்சையால் வருவதுதான், ஆனால் தொற்றிக்கொள்ளாது. நகத்தால் சுரண்டினால் மெல்லிய தவிடுபோல உதிரும். மருந்து போட்ட பிறகும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும் என்பதை அறியாமல் பலர் மருந்தையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெளிறிய அல்லது சற்றே சிவந்த ஒரு படை அரிக்காமலும், தொட்டால் உணர்ச்சி இல்லாமலும் இருந்தால், தேமல் என்று விட்டுவிடாமல் தொழுநோய்க்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும்.

நாடா இறுகும் இடத்தில் கறுத்துத் தடித்து, செதில் விட்டு அரிப்பது உராய்வினால் வருவது. அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்வதும் கட்டும் இடத்தைச் சற்று மாற்றுவதும் பெரும்பாலும் போதுமானவை. ஆனால் அங்கே ஆறாத புண் ஒன்று மாதக்கணக்கில் இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். வேட்டி இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றைப் பற்றிப் பம்பாயின் நோய்க்கூற்று மருத்துவர் கனோல்கர் 1945லேயே எழுதினார். சேலை கட்டும் இடத்திலும் அத்தகைய புற்று அரிதாக வருவதாகப் பின்வந்த மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதவையும் உண்டு. காணாக்கடியோடு, அதாவது திடீரெனக் கிளம்பும் அரிப்புத் தடிப்போடு, உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில நாளிலோ சில வாரங்களுக்குள்ளோ மார்பில் சிவந்த பொரி கிளம்பி, வாய் புண்ணாகி, கண் சிவந்தால், சாப்பிட்டுவந்த மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொண்டு அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு உடம்பில் சிவந்த புள்ளிகள் தெரிந்தால் டெங்குவை மட்டும் நினைக்காமல், அக்குளிலும் மார்புக்கு அடியிலும் இடுப்பு மடிப்பிலும் பீடி சுட்டதுபோன்ற வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். அது இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உரிய நேரத்தில் டாக்ஸிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தால் குணமாகிவிடும் அந்த நோய், கவனிக்காமல் விட்டால் உயிரையே பறிக்கும்.

ஆகவே மருந்துக் கடை நடத்துவோர், சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். சுகாதாரத் துறை, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் ஒரு பிற்பகலையாவது, நடவு வேலை முடிந்து பெண்கள் வரக்கூடிய நேரத்தில், திரைச்சீலை மறைப்புடன் பெண் மருத்துவர் ஒருவர் தோல் நோய்களைப் பார்ப்பதற்கென்று ஒதுக்க வேண்டும். இதைப் படிக்கும் சகோதரிகள் அங்கே வரும்போது, இதுவரை பூசிய டியூப் காலியாக இருந்தாலும், மருத்துவர் திட்டுவாரோ என்று மறைக்காமல் கையோடு கொண்டுவாருங்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் எந்த மருந்து உங்கள் தடிப்பின் உண்மையான உருவத்தைக் கலைத்தது என்பதை அவரால் தெரிந்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.