நான்கு இறுதிப் போட்டிகளும் ஒரு மனிதரும்

ஹேர்னிங், டென்மார்க்

அன்பின் சிவம்,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு முன்பு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்ததும் இவன் வெறியில் எழுதியிருக்கிறான் என்று பவானியிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். வெறி இல்லை. பேனை பிடிப்பதற்கு என் விரல்கள் மறுபடியும் பழகிக்கொண்டிருக்கின்றன.

மாசி மாதத்தில் ஒரு வயிற்றோட்டம் வந்து போனது. அதைப் பெரிதாக எண்ணவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு காலை கால்விரல்கள் மரத்துப்போயின. மறுநாள் முழங்கால் மடிந்தது. நான்காம் நாள் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழவில்லை. நோயின் பெயர் கியான் பரே. கிருமியோடு சண்டை போடப் புறப்பட்ட எங்கள் உடம்பின் காவற்படையே, ஆள் மாறி, சொந்த நரம்புகளின் மேலுறையைத் தாக்குவதால் வருவது. காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சுத் தசைகளைத் தொட்டுவிட்டால் மூச்சுக்கு இயந்திரம் வேண்டும். எனக்கு அந்த வாசல் வரை போய்த் திரும்பிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று சரோவைத் தடுத்தவன் நான்தான். உனக்குத் தெரிந்தால் வாசிகசாலைக்குத் தெரியும், வாசிகசாலைக்குத் தெரிந்தால் குட்டியண்ணர் எனக்கு இரங்கற்கூட்டமே வைத்துவிடுவார். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன். நோய்க்கதை இவ்வளவு போதும். நான் எழுத உட்கார்ந்தது வேறொரு மனிதரைப் பற்றி, மோர்டன் வீகோர்ஸ்ட் என்ற டென்மார்க் உதைபந்தாட்டக்காரரைப் பற்றி.

எனக்கு உடற்பயிற்சி கொடுத்த பெண் இந்த ஊர்க்காரி, மிட்யூலன் உதைபந்தாட்ட அணியின் ஆதரவாளர். கட்டிலில் என் காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், "உங்களுடைய நோய்தான் மோர்டன் வீகோர்ஸ்டுக்கும் வந்தது, தெரியுமா?" என்று கேட்டாள். காலை அசைக்க முடியாமல் கிடந்த எனக்குக் கோபம் வந்தது. காரணத்தை நீ அறிவாய். அல்லது என் பழைய கடிதங்களை ஒழுங்காக வாசித்திருந்தால் அறிந்திருப்பாய்.

இருந்தாலும் கணக்கைத் திரும்பச் சொல்கிறேன். எங்கள் மிட்யூலன், 1999-இல் இகாஸ்ட், ஹேர்னிங் என்ற இரண்டு பக்கத்து ஊர் அணிகள் பகையை மறந்து ஒன்றாகிப் பிறந்த கழகம். டென்மார்க் கிண்ண இறுதிப் போட்டியில் 2003-இல் பிரொண்பியிடம் மூன்றுக்குச் சைபர் என்று தோற்றோம். 2005-இல் மறுபடியும் பிரொண்பியிடம், அதுவும் மேலதிக நேரத்தில். அந்த ஆண்டுகளில் பிரொண்பியின் மத்தியகள வீரர்களில் ஒருவர் இந்த வீகோர்ஸ்ட். 2010-இல் நோர்ஷெலனிடம் தோற்றோம், 2011-இலும் நோர்ஷெலனிடமே தோற்றோம். அங்கே பயிற்றுவிப்பாளராக நின்றவரும் இதே வீகோர்ஸ்ட். நான்கு இறுதிப் போட்டிகள், நான்கிலும் எதிர்ப்பக்கத்தில் ஒரே மனிதர்! 2011-இல் மூன்றுக்கு இரண்டு என்று தோற்ற இரவு நான் சரோவோடு பேசாமல் படுத்தேன். அவள் அதைத் தன் மீதுள்ள கோபம் என்று எண்ணி இரண்டு நாள் தேங்காய்ச் சம்பல் அரைத்துக் கொடுத்தாள். உண்மையை நான் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே அவரைப் பகைவராக வைத்திருந்தேனே தவிர, அவருடைய கதையை அறிய முயன்றதில்லை. படுக்கையில் கிடந்த மாதங்களில் வேறு வேலை இருக்கவில்லை. மகள் தேடித் தேடி வாசித்துக் காட்டினாள்.

அவர் 1971-இல் கோபன்ஹேகனுக்கு மேற்கே உள்ள குளோஸ்ட்ரூப்பில் பிறந்தவர். லுங்பி அணியோடு 1992-இல் டென்மார்க்கின் சம்பியனானார். பிறகு ஸ்கொட்லாந்துக்குப் போய் டண்டீயில் விளையாடி, 1995 இறுதியில் கிளாஸ்கோ நகரின் செல்டிக்கில் சேர்ந்தார். நெட்டையான உடம்பு, நீண்ட கால்கள், அலட்டலில்லாத ஆட்டம். அவர் போன காலம் செல்டிக்குக்குக் கெட்ட காலம். அதே நகரின் ரேஞ்சர்ஸ் 1997-க்குள் தொடர்ந்து ஒன்பது முறை லீக்கை வென்று, பத்தாவதையும் வென்று செல்டிக்கின் பழைய சாதனையை முறியடிக்கக் காத்திருந்தது. 1998-இல் அந்தப் பத்தாவதைத் தடுத்த செல்டிக் அணியில் இவரும் ஒருவர். கிளாஸ்கோவில் அந்தப் பட்டத்தை இன்றும் தனியாகக் கொண்டாடுகிறார்கள் என்றால், எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வடக்கு வீதிக்காரரைத் தெற்கு வீதிக்காரர் வென்ற கதையை நினைத்துக்கொள்.

அதே ஆண்டு உலகக் கிண்ணம். துலூஸ் நகரில் தென்னாபிரிக்காவோடு ஆட்டம். மாற்று வீரராக இறங்கிய சில நிமிடங்களுக்குள் மத்தியஸ்தர் இவருக்குச் சிவப்பு அட்டை காட்டிவிட்டார்! அன்று அந்த மத்தியஸ்தர் மூன்று பேரை வெளியே அனுப்பினார். நியாயம் என்று பின்னாளில் பெயர் எடுத்த மனிதர், உலகக் கிண்ணத்தில் இறங்கி ஏறிய வேகத்தைப் பார். நீ சிரிப்பாய் என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2000-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், 29 வயதில், அந்த நோய். சிவம், எனக்கு 66 வயது. விழுந்தால் விழுந்தேன் என்று கிடக்கலாம். அந்த வயதில், காலை நம்பிப் பிழைக்கிற ஒருவனுக்குக் கால் போவதை என்னால் நினைக்க முடியவில்லை. அந்த நோயில் அறிவு மங்குவதில்லை என்பதுதான் கொடுமை. எல்லாம் தெரியும்: மருத்துவர் பேசுவது கேட்கும், மனைவி அழாமல் சிரிக்க முயல்வது தெரியும், உடம்பு மட்டும் வேறொருவருடையது போலக் கிடக்கும். நரம்பின் மேலுறை மிக மெதுவாகத்தான் திரும்ப வளர்கிறது. அவசரப்பட்டு உழைத்தால் களைப்பு ஆளைத் தூக்கி எறிகிறது. பல் துலக்கிவிட்டு ஒரு மணிநேரம் படுக்க வேண்டியிருந்த எனக்கு, அந்த மனிதர் எழுந்து நடந்ததோடு நில்லாமல் செல்டிக் சட்டையில் மறுபடி களமிறங்கினார், 2002-இல் பிரொண்பிக்கு வந்தார், தேசிய அணிக்கும் திரும்பினார் என்று மகள் வாசித்தபோது, தொண்டை அடைத்துப் பேச்சு வரவில்லை. எங்களை 2003-இல் தோற்கடித்த அணியில் இருந்தவர், இரண்டரை ஆண்டுகளுக்கு முன் கட்டிலில் என்னைப் போலக் கிடந்தவர். தோல்விக் கணக்கை நான் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

இனி நாம் இருவரும் சண்டை பிடிக்கும் இடத்துக்கு வருகிறேன். 2003 பெப்ரவரியில் ஹொங்கொங்கில் சீனப் புத்தாண்டுப் போட்டி. டென்மார்க்குக்கும் ஈரானுக்கும் ஆட்டம். முதற்பாதி முடியும் தறுவாயில் பார்வையாளர் பக்கமிருந்து யாரோ விசில் ஊத, இடைவேளை என்று நம்பிய ஈரான் வீரர் தன் தண்டனைப் பெட்டிக்குள் பந்தைக் கையில் எடுத்தார். சட்டப்படி தண்டனை உதைதான், மத்தியஸ்தர் கொடுத்துவிட்டார். உதைக்க வேண்டிய வீகோர்ஸ்ட் கோட்டோரம் போய்ப் பயிற்றுவிப்பாளர் மோர்டன் ஓல்சனோடு பேசிவிட்டு வந்து, வேண்டுமென்றே பந்தைக் கம்பத்துக்கு வெளியே அடித்தார். டென்மார்க் அந்த ஆட்டத்தில் ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றது. சர்வதேச ஒலிம்பிக் குழு பின்னர் அவருக்கு நேர்மைக்கான விருது கொடுத்தது.

முன்பு ஒருமுறை இதை நான் தொலைபேசியில் சொன்னபோது, "மற்றப் பத்துப் பேரின் வியர்வையைத் தன் நல்ல பெயருக்கு விற்றவன்" என்றாய். பந்துக் காப்பாளராக வாழ்நாளைக் கழித்தவன் அப்படித்தான் பேசுவான். உனக்குத் தண்டனை உதை என்பது எப்போதும் எதிரியின் துப்பாக்கி. அன்று மிட்யூலன் கோபத்தில் நானும் உன்னோடு சேர்ந்து தலையாட்டினேன். இப்போது மறுக்கிறேன். அவர் தனியாகத் தியாகி வேஷம் போடவில்லை; முதலில் போய்க் கேட்டார். அணிக்குப் பொறுப்பானவர் சரி என்ற பிறகுதான் அடித்தார். கேட்காமல் அடித்திருந்தால் உன் பக்கம் நான் நிற்பேன். அது நட்புறவு ஆட்டம்தானே, கிண்ணப் போட்டியென்றால் செய்திருப்பாரா என்று நீ அடுத்த கேள்வி கேட்பாய். தெரியாது, சிவம். ஆனால் தோற்ற ஆட்டம் தோற்றதாகத்தான் பதிவாகியிருக்கிறது.

2005-இல், மிக்கேல் லாட்ரப்பின் பயிற்சியில் பிரொண்பி லீக்கையும் கிண்ணத்தையும் வென்றதோடு அவர் விளையாட்டை நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு நோர்ஷெலனின் பொறுப்பை ஏற்றார். ஃபாரும் என்ற சிறிய ஊரில் உள்ள கழகம், பெரிய பணமில்லை, இளம் பிள்ளைகளை வைத்தே கட்ட வேண்டும். அங்கே 2008-இல் அவருக்கு உதவியாளராக வந்தவர் காஸ்பர் ஹியூல்மன். இரண்டு கிண்ணங்களுக்குப் பிறகு 2011-இல் வீகோர்ஸ்ட் 21 வயதுக்குட்பட்டோரின் தேசிய அணிக்குப் போக, ஹியூல்மன் அந்த நாற்காலியில் அமர்ந்து அடுத்த ஆண்டே நோர்ஷெலனை நாட்டின் சம்பியனாக்கினார். பயிர் வைத்தவர் ஒருவர், அறுத்தவர் மற்றவர். வீகோர்ஸ்ட் பிறகு ஓல்போர் அணியையும் இரண்டு ஆண்டளவில் நடத்தினார். அங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 2020-இல் ஹியூல்மன் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானபோது, அவருக்கு உதவியாளராகப் போய் நின்றவர் வீகோர்ஸ்ட். தனக்குக் கீழே வேலை பார்த்தவனுக்குக் கீழே போய் வேலை பார்ப்பது! எங்கள் பாடசாலையில் உப அதிபர் பதவி கிடைக்காததற்காக எட்டு ஆண்டுகள் ஆசிரியர் அறையில் யாரோடும் தேநீர் குடிக்காத உன்னால் இதைக் கற்பனை செய்ய முடிகிறதா? கோபிக்காதே. என்னாலும் முடியவில்லை.

2021 ஜூன் 12 உனக்கு நினைவிருக்கும். ஐரோப்பியக் கிண்ணத்தில் பின்லாந்துக்கு எதிராக, கோபன்ஹேகனில், டென்மார்க் வீரர் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார், சக வீரர்கள் வட்டமாக நின்று அவரை மறைத்தார்கள், நீ ஊரிலிருந்து அழைத்து "செத்துப்போனானா?" என்று கத்தினாய். அன்று அந்த ஓரத்தில் நின்றவர்களில், தன் உடம்பு தன்னைக் கைவிட்ட நாளை அறிந்திருந்தவர் வீகோர்ஸ்ட். அவர் அப்போது என்ன நினைத்தார் என்று நான் ஊகிக்க மாட்டேன். அந்தக் காட்சியை இப்போது திரும்பப் பார்த்தபோது என் கண் அவரைத்தான் தேடியது.

அந்தப் போட்டித் தொடரில் டென்மார்க் அரையிறுதி வரை போய், வெம்பிளியில் இங்கிலாந்திடம் மேலதிக நேரத்தில் தோற்றது. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் விழுந்ததற்குக் கொடுத்த தண்டனை உதை. அவர் பந்தோடு ஓடிய நேரத்தில் களத்துக்குள் இரண்டாவது பந்து ஒன்றும் கிடந்தது. அவர்களுடைய கேன் அடித்ததை எங்கள் பந்துக் காப்பாளர் ஷ்மைக்கல் தடுத்தார். திரும்பி வந்ததைக் கேன் மறுபடி அடித்தார். அன்று நீயும் நானும் தொலைபேசியில் மத்தியஸ்தரின் ஏழு தலைமுறையையும் திட்டினோம். தனக்குக் கிடைத்த தண்டனை உதையை 18 ஆண்டுகளுக்கு முன் வெளியே அடித்த மனிதர், இப்படிக் கிடைத்த ஒன்றால் தன் அணி வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டு அதே களத்தின் ஓரத்தில் இருந்தார் என்பது அன்று நம் இருவருக்கும் தோன்றவேயில்லை.

2024-இல் ஹியூல்மன் விலகியபோது அணி தற்காலிகமாக இவர் கைக்கு வந்தது. உடல்நலக் காரணத்தால் ஆட்டங்கள் தொடங்கும் முன்பே விடுப்பில் போய்விட்டார். நாட்டின் முதல் அணி கைக்கு வந்த வேளையிலும் முடியவில்லை என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. காய்ச்சலோடு விளையாடி மூன்று கோல் விட்ட உனக்கு இது பிடிக்காது.

எங்கள் மிட்யூலன் முதன்முதலில் கிண்ணத்தைத் தொட்டது 2019-இல்தான், அதுவும் பிரொண்பியை வென்று, அதுவும் தண்டனை உதைகளில். அன்று அவர் எதிர்ப்பக்கத்தில் இல்லை. அதனால்தான் வென்றோம் என்று மகள் சொல்கிறாள்.

இனி இவ்வளவையும் எதற்காக எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ராசுவும் நாமும் ஊரில் ஆடிய அந்தச் சைக்கிள் பம்ப் ஆட்டம். கடைசி நிமிடக் கோல் கையில் பட்டது என்று எதிரணி கத்தியது, மத்தியஸ்தர் காணவில்லை, அன்றிலிருந்து ராசுவுக்குக் "கைப்பீலே" என்று பெயர் விழுந்தது. நாற்பத்தாறு ஆண்டுகளாக அவன் தன் கல்யாணத்திலும் அந்தப் பெயரைச் சுமந்தான், நீயும் நானும் மேடை போட்டுச் சிரித்தோம். சிவம், பந்து பட்டது ராசுவின் கையில் இல்லை. என் கையில். அவன் எனக்குப் பின்னால் நின்றான்; அதைக் கண்டான்; இதுவரை ஒரு சொல் பேசவில்லை.

நான் இனி அங்கு வர எத்தனை மாதமாகுமோ தெரியாது. நீ ராசு வீட்டுக்குப் போய் இதைச் சொல். வாசிகசாலையில் வேண்டாம், வீட்டில். மற்றவர்களுக்கும் சொல்லலாமா என்று அவனைக் கேள். அவன் சரி என்றால் மட்டும் குட்டியண்ணருக்குச் சொல். அவன் என்ன சொன்னான் என்பதை எழுது, சொல் மாறாமல் எழுது.

பவானியின் கண் சத்திரசிகிச்சை எப்படி முடிந்தது? சின்னவனுக்கு வேலை கிடைத்ததா? சரோ உனக்குத் தேயிலை அல்ல, கோப்பித்தூள் அனுப்புகிறாளாம். இங்கே வீதியோரச் சிவப்புத் தபால் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இக்கடிதத்தைக் கடையொன்றில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து 400 மீற்றர். நாளை காலை நானே நடந்து போகப் போகிறேன், சரோ பின்னால் நாற்காலியோடு வருவாள்.

இப்படிக்கு,
உன் பழைய இடதுபக்க முன்கள வீரன்,
ரவி