மேஸ்திரி வரும் மாதம்

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. ரிட்டயர் ஆன பிறகும் முழங்கால் வலியோடு ஜவ்வாது மலை ஏறி இறங்குகிறாய். வேண்டாம் என்றால் கேட்கவா போகிறாய்!

மனிதக் கடத்தலுக்கு எந்த ஊர்கள் இலக்காகும் என்று கணக்கெடுக்க உனக்குக் கொடுத்த படிவத்தைப் படித்தேன். எழுத்தறிவு, வருமானம், விழிப்புணர்வு என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். கடைசியாகக் கடன் வாங்கியது எந்த மாதம், யாரிடம் என்ற கேள்வியைத்தான் காணோம்.

செஞ்சிப் பக்கம் வேலை பார்த்தபோது எனக்கு விஷயத்தைச் சொன்னது அட்டெண்டன்ஸ் நோட்டுதான். பொங்கல் லீவு முடிந்தும் வராத பிள்ளைகள் பெரும்பாலும் செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூலி வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்து, சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி அட்வான்ஸோடு வருவார். தீபாவளி, பிரசவம், சாவு, எதற்கும் கொடுப்பார். தை பிறந்ததும் குடும்பத்தோடு லாரி ஏற வேண்டியதுதான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். வாராவாரம் கைக்கு வருவது சாப்பாட்டுச் செலவு மட்டும், மீதி அட்வான்ஸில் கழிகிறதாம். கணக்கு நோட்டு முதலாளியிடம். மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. சீசன் முடிந்தாலும் பாக்கி நிற்கும், அடுத்த வருடமும் அதே சூளை.

இந்த மேஸ்திரி பல நேரம் சொந்தத்து மாமனோ மச்சானோதான். அவரும் ஒரு காலத்தில் கல் அறுத்தவராக இருப்பார். ‘முன்பின் தெரியாதவரை நம்பாதீர்கள்’ என்ற போஸ்டரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. உன் மலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் கடத்த வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் அந்தப் பக்கத்து ஆட்களும் உண்டே. கூலி வேலைக்கென்றுதான் கிளம்பினார்கள் என்று வீட்டார் சொன்னார்கள்.

அப்புறம், இருளர் குடியிருப்புகளில் பட்டாவும் சாதிச் சான்றிதழும் யாருக்கு இல்லை என்று குறித்துக்கொள். பேங்க் இவர்களை உள்ளே விடாது. அடகு வைக்க உழைப்பைத் தவிர எதுவும் இல்லை.

ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள் உள்ள ஊரைப் ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதே. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அவர்கள் கடன் ரத்துதான். ஆனால் அதிகாரி விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுத்தால்தான் உதவி எதுவும் நகரும். உடனடித் தொகை அதிகபட்சம் 30,000 ரூபாய். லட்சக் கணக்கில் வரவேண்டிய மறுவாழ்வுப் பணமோ, முதலாளிக்குக் கோர்ட்டில் தண்டனை கிடைக்கும் வரை காத்திருக்கும். அதற்குள் எத்தனை ஐப்பசி வந்துபோகும்? மேஸ்திரி காத்திருக்க மாட்டார்.

படிவத்தை மாற்ற விடமாட்டார்கள் என்றால் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள். முதலில் பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தை, மாசி வருகைப் பதிவைக் கேள். டீச்சர்கள் மறைக்க மாட்டார்கள்.

சின்னவளுக்கு ஆவணியில் வளைகாப்பு. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு, படிவத்தையும் எடுத்து வா.

உன் பழைய ஹாஸ்டல் தோழி