காமரோவுக்கு எந்த ஆக்ஸில்?

அன்புள்ள செந்தில்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே மிச்சிகனில் பனி இன்னும் விட்டபாடில்லை. என் வண்டி கராஜை விட்டு வெளியே வரவில்லை. சரி, உன் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். காமரோவின் பின் ஆக்ஸிலில் பல் பெயர்ந்துவிட்டது, பதிலுக்கு எந்த ஆக்ஸில் மாட்டலாம் என்று கேட்டிருந்தாய்.

எஞ்சினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குள் கொண்டுபோகிற சின்ன கியரான பினியனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பற்கள் தேயவே இல்லை. ஒரு ஓரமாகப் பெயர்ந்திருக்கின்றன. ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங் நெளியும்போது, பினியன் சுழற்றுகிற பெரிய கியரான கிரௌன் வீலும் பினியனும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அப்போது முழுப் பல்லும் தாங்க வேண்டிய சுமை ஓரத்தில் மட்டும் ஏறும். உனக்கு நடந்தது அதுதான்.

அந்த ஆக்ஸிலைக் குறை சொல்ல மாட்டேன். உன் 1999 காமரோ இசட்28 வந்தபோது 305 குதிரைத்திறன், 335 பவுண்ட்-அடி டார்க் (முறுக்கு விசை). ஆறு கியர் பாக்ஸின் முதல் கியர் 2.66 என்பதால் பினியனுக்கே சுமார் 890 பவுண்ட்-அடி போகிறது, ஆக்ஸிலின் 3.42 விகிதத்தைத் (பினியன் 3.42 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) தாண்டினால் சக்கரத்தில் 3,000க்கு மேல். இத்தனையும் 7.625 அங்குல கிரௌன் வீலில். ரோட்டு டயர் வழுக்கிவிடுவதால் பல் பிழைத்துக்கொள்ளும். நீ டர்போவும் வைத்து, ரோட்டை இறுகப் பிடிக்கிற டிராக் பந்தய டயரும் மாட்டிவிட்டாய். வழுக்க இடமே இல்லை.

எல்லாரும் உன்னிடம் ஃபோர்டு 9 இன்ச் ஆக்ஸில் என்றுதான் சொல்வார்கள். பலத்தில் சந்தேகமில்லை. பினியனின் உள்முனைக்கும் தனியாக ஒரு பேரிங் இருக்கிறது, அதனால் அது லேசில் விலகாது. ஆனால் பினியன் கிரௌன் வீலின் மையத்தைவிட நன்றாகக் கீழே இறங்கி உட்காருவதால் பற்கள் அதிகம் உரசும். சூடும் கூடும், கொஞ்சம் சக்தியும் அதில் போகும். கியர் செட்டை முன்பக்கமாக அப்படியே கழற்றலாம் என்பது அடிக்கடி விகிதம் மாற்றுகிற பந்தயக்காரர்களுக்குப் பெரிய வசதி. நீ தினமும் ஆபீஸுக்கு ஓட்டுகிறவன். டேனா 60 என்கிற இன்னொரு ஆக்ஸில் அதைவிடக் கனம், கிரௌன் வீல் 9.75 அங்குலம். உனக்கு அவ்வளவு வேண்டாம்.

என் ஓட்டு 12 போல்ட் என்கிற ஆக்ஸிலுக்கு. கிரௌன் வீல் 8.875 அங்குலம், பினியனும் தடிமன். உன் வண்டிக்கென்றே டார்க் ஆர்ம் (ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கிற நீளக் கம்பி) மாட்டும் இடத்தோடு முழு ஆக்ஸிலாகக் கிடைக்கிறது. ஆர்டர் கொடுக்கும்போது ஏபிஎஸ் சென்சாருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள். சக்கரத்தைச் சுழற்றுகிற ஆக்ஸில் ஷாஃப்டை உள்ளே சி-கிளிப் (‘C’ வடிவக் கொக்கி) மட்டும் பிடித்திருந்தால், ஷாஃப்ட் உடையும்போது சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். அதனால் ஹவுசிங் முனையிலேயே போல்ட் போட்டுப் பிடிக்கிற வகையை வாங்கு. இதில் காசு பார்க்காதே, உன் பிள்ளைகளும் அந்த வண்டியில்தான் வருகிறார்கள்.

பிற்காலத்தில் 800 குதிரைத்திறன் வரை போகிற எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே சொல்லிவிடு, அப்போது நானே 9 இன்ச் என்பேன்.

ஆக்ஸில் விகிதம் 3.73 போதும். ஆறாவது கியர் 0.50 என்பதால் ஹைவேயில் எஞ்சின் அலறாது. அப்புறம், புது கியரை முதல் 500 மைல் மிதமாக ஓட்டி ஆயிலை மாற்று. முதல் நாள் கொஞ்ச தூரம் ஓட்டி, நன்றாக ஆறவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

விலை விசாரித்ததும் எழுது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகன்