எந்த இடத்தில் பிடித்தது என்று சொல்லுங்கள்: படித்ததைப் பகிரும் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாசக நண்பர்களே,

அண்மையில் படித்து மனதுக்குப் பிடித்துப்போன புத்தகத்தைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாமல் உங்களால் இருக்க முடிவதில்லை. அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் விரும்பிப் படித்த புத்தகங்களில் பெரும்பாலானவை உங்களைப் போன்ற ஒருவர் சொல்லிக் கைக்கு வந்தவைதான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். புத்தகம் பிடித்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த இடத்தில் பிடித்தது என்பதையும் சொல்லுங்கள்.

“அருமையான நாவல், ஒரே மூச்சில் படித்து முடித்தேன், கட்டாயம் வாசியுங்கள்” என்று சொல்கிறீர்கள். உங்கள் மகிழ்ச்சி புரிகிறது. ஆனால் அதே வார்த்தைகளை எந்த நாவலுக்கும் சொல்லலாம். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுவதும் அப்படித்தான். வேறு சிலர் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்துவிடுகிறார்கள். யார் செத்தார், யார் யாரைக் கட்டிக்கொண்டார் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது, சொல்கிறவருக்கு அது ஏன் பிடித்தது என்பதைத் தவிர.

தோழி ஒருவர் ஒரு நாவலைப் பற்றி இப்படிச் சொன்னார்: “நாலு பக்கத்துக்கு ஒருத்தி வீட்டைப் பூட்டுகிறாள். வேறெதுவும் நடக்காது. பூட்டை இழுத்துப் பார்க்கிறாள், தெருவில் இறங்குகிறாள், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறாள். இனி அவள் இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது.” கதைச் சுருக்கமோ ஆசிரியர் வாங்கிய விருதுகளோ அவர் பேச்சில் வரவில்லை. அன்றைக்கே அந்தப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தேன். நடுவில் ஐம்பது பக்கம் போல இழுவை, அதைத் தாண்டிவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பாதியிலேயே மூடி வைத்திருப்பேன்.

குறையைச் சொன்னால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று பலர் தயங்குகிறீர்கள். என் அனுபவம் நேர்மாறானது. குறையும் சொல்கிறவர் பாராட்டும்போதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது. இது நமக்குப் புதிதும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். குற்றங்களில் ஒன்று ‘சென்று தேய்ந்து இறுதல்’. ஜோராகத் தொடங்கிப் போகப் போகச் சுருதி இறங்கிவிடும் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ‘மற்றொன்று விரித்தல்’ என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுகிற கட்டுரை நூல்களுக்கு அது போதும்.

“நான் என்ன விமர்சகனா, என் கருத்தை யார் கேட்கப் போகிறார்கள்?” என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1880இல் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்குகிறார். கேட்டவர் அசரவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்கிறார். ஐயர் அதுவரை படித்ததில்லை. முதலியார் பெயரைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார், அப்புறம் ஐயரோடு உட்கார்ந்து தாமும் படித்தார். 1887இல் சிந்தாமணி ஐயரின் பதிப்பாக அச்சில் வந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அந்த வழியில் தொடர்ந்தன. முதலியாரின் உத்தியோகம் நீதிமன்றத்தில். தாம் மதித்த ஒரு நூலை இன்னொருவரும் படிக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் அவர். நம் எல்லோராலும் செய்யக்கூடிய காரியம்தானே அது.

யாருக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ஒரு விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது இன்னொன்று. ‘எல்லோரும் படிக்க வேண்டியது’ என்று சொன்னால் அது யாரையும் குறிப்பாகத் தொடுவதில்லை. ‘வரலாறு என்றாலே ஓடுகிறவரா, இதில் தொடங்குங்கள்’ என்றோ, ‘அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்திருந்தால் கொஞ்ச நாள் கழித்துப் படியுங்கள்’ என்றோ சொல்லிப் பாருங்கள், உரியவர் திரும்பிப் பார்ப்பார்.

துப்பறியும் கதையோ, சிறுவர் படக்கதையோ, காதல் கதையோ, பிடித்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கனமான புத்தகங்களை மட்டுமே படிப்பதாகக் காட்டிக்கொள்ளும் கட்டாயம் யாருக்கும் கிடையாது. மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் மறக்காதீர்கள். ஒரே நூலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது, நீங்கள் ரசித்தது யாருடைய நடை என்று தெரிந்தால்தானே நாங்களும் அதையே தேட முடியும்?

கடைசியாக, இந்தப் பரிந்துரைகளைக் கேட்டுப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் சொல்லி ஒரு புத்தகத்தைப் படித்தீர்களானால், படித்தேன் என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பிடிக்காமல் போயிருந்தாலும் சொல்லுங்கள், எந்த இடத்தில் ஒட்டவில்லை என்பதையும் சேர்த்து. அடுத்த முறை உங்களுக்கு எதைக் கொடுக்கலாம் என்று அவருக்குப் பிடிபடும்.

அன்புடன்,
உங்களில் ஒரு வாசகர்