மூன்று கை வெள்ளை

ஆத்தங்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள தாயி,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அம்மா அனுப்பிய சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வந்து சேர்ந்ததா? நாலு நாளாகத் தூறல், பட்டறையில் தரைக்கல் காயவில்லை. தொட்டியில் ஊறியதை எடுத்து அடுக்க இடமில்லாமல் கிடக்கிறது.

மேற்படிப்புக்கு ஓவியத்தை விட்டுவிட்டுக் கலை வரலாறு எடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். என்னிடம் நீ சொல்லவில்லை. சரி. அதைச் சின்னப் படிப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பிரஷ்ஷை ஏன் கீழே வைத்தாய்? கலர் வாங்கக் காசு போதவில்லையா? ஒரு தடவை ட்யூப் விலையைக் கேட்டு "இவ்வளவா" என்றேனே, அதை மனதில் வைத்துக்கொண்டாயா? கடன் வாங்கியாவது அனுப்ப மாட்டேனா நான்? சாப்பாட்டைக் குறைத்து எதையும் வாங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. தினமும் ஒரு பக்கமாவது வரை. டர்பன்டைன் வாடையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காராதே.

இங்கே கல் பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் உன்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கே.ஜி. சுப்பிரமணியன் கண்ணாடியின் பின்பக்கத்தில் படம் வரைந்தவர், உங்கள் கல்லூரியில் பாடம் எடுத்தவர் என்று நீ சொன்னாய் அல்லவா? கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலரை ஊற்றும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. அவரைப் போல நாமும் முன்னால் தெரிய வேண்டிய பூவைத்தான் முதலில் ஊற்றுகிறோம். மணலும் சிமெண்டும் அப்புறம்தான். காய்ந்து கண்ணாடி கழன்ற பிறகுதானே பூ எப்படி விழுந்திருக்கிறது என்று தெரிகிறது. இதையெல்லாம் எனக்கு எடுத்துச் சொல்ல ஒரு பிள்ளை இருக்கிறாள் என்பது எனக்குப் பெருமை. அந்தப் பிள்ளை ஒரு மாதமாக அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாள்.

உன்னை மட்டும் குறை சொல்லக் கூடாது. கடைசியாகப் பேசியபோது நீ ஒன்று கேட்டாய். கிழக்குத் தெருப் பெரிய வீட்டு முகப்பில் படங்கள் இருந்தனவாமே, ஆய்வுக்கு வேண்டும், யார் அழித்தார்கள் என்று தெரியுமா என்றாய். தெரியாது என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நான்தான் அழித்தேன்.

எனக்கு அப்போது 24 வயது. கல் வேலை இல்லாத நாளில் வெள்ளையடிக்கப் போவேன். அந்த வீட்டில் அறுபது வயதுச் சாந்திக் கல்யாணம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார்கள். சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, துளி நீலம் போட்டு மட்டையை எடுத்தேன். ஒரு கை அடித்தேன், படம் அப்படியே தெரிந்தது. இரண்டாம் கை காய்ந்ததும் முகங்கள் மட்டும் மேலே வந்தன. மூன்றாம் கையில் எல்லாம் போயிற்று. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ ஏழாவது படிக்கும்போது சித்தன்னவாசல் கூட்டிப் போனேன். கூரையில் அந்தத் தாமரைக் குளம், யானை, மீன், பூப்பறிக்கும் ஆட்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, பாதி உதிர்ந்திருக்கிறதே, இப்படி விட்டது யார் என்று என்னிடம் கோபப்பட்டாய். பஸ்ஸில் திரும்பும் வரை நான் பேசவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாய்.

என்ன இருந்தது என்று எழுதுகிறேன், குறித்துக்கொள். வாசலில் நுழைந்ததும் இடப்பக்கம் தொடங்கி மொத்தம் ஏழு கட்டம். முதலில் பட்டாபிஷேகம். அடுத்தது உறியைப் பிடித்துத் தொங்கும் கண்ணன். அப்புறம் புகை விட்டுக்கொண்டு போகும் கப்பல், ரங்கூன் கப்பல் என்பார்கள். நாலாவதில் குடை பிடித்த வெள்ளைக்காரப் பெண், காலடியில் நாய். ஐந்தும் ஆறும் மங்கியிருந்தன, ஒன்றில் குதிரை இருந்தது நிச்சயம். கடைசியில் கிளி. சுற்றிக் கரை முழுக்கக் காவியும் பச்சையும். நம் பட்டறையில் ஓடுகிற பூக்கரை அங்கே பார்த்ததுதான். என் கற்பனை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்துப் படத்துக்கு அடியில் சோழர் காலத்துப் படம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு. இன்று காலை அந்த வீட்டுக்குப் போனேன். காவல்காரர் திறந்துவிட்டார். கிளி இருந்த மூலையில் சுண்ணாம்பு பொரிந்து உள்ளங்கை அளவு விழுந்திருக்கிறது. அடியில் பச்சை தெரிகிறது தாயி. நகத்தால் கூட நான் தொடவில்லை. துடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள் என்று அவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். எப்படி எடுப்பது என்று உனக்கோ உன் வாத்தியார்களுக்கோ தெரிந்திருக்கும்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? அந்த ஏழு கட்டத்தையும் நான் சொல்லச் சொல்ல நீ ஒரு தடவை வரைந்து பார்க்க வேண்டும். எனக்கு வரையத் தெரியாது. அதற்காகவாவது பிரஷ்ஷை எடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அடுத்த தடவை போன் செய்தால் என்னிடம் கொடுக்கச் சொல். வாங்கிப் பேசுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா