ஆறு வாரத்துக்கு முந்தைய நாட்கள்

தடுப்பூசி ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோருக்கும் உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். குழந்தை பிறந்து ஆறு வாரத்திலோ இரண்டு மாதத்திலோ தொடங்கும் தடுப்பூசிகள் மீது எனக்குக் குறை இல்லை. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமியின் சர்க்கரை உறையை மட்டும் கொண்டு செய்து 1985இல் வந்த தடுப்பூசி கைக்குழந்தைகளுக்கு உதவவில்லை. அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்ததும் பிஞ்சு உடல் எதிர்க்கக் கற்றுக்கொண்டது. அழகான வேலை. என் கவலை, அந்த முதல் ஊசிக்கு முந்தைய நாட்களைப் பற்றியது.

பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதுவரை காத்திருப்பதில்லை. தாயிடம் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும் கிருமி இது. பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றினால், காலையில் நன்றாகப் பால் குடித்த குழந்தை மாலையில் மூச்சுக்கு முனகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,00,000 பச்சிளங்குழந்தைகள் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. பிழைத்தவர்களில் சிலருக்குச் செவியோ பார்வையோ மிஞ்சுவதில்லை. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஏற்றும் ஆன்டிபயாடிக் முதல் வாரத் தொற்றைக் குறைக்கும். அதற்குப் பின் வருவதைத் தடுக்காது.

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் தாயிடம் குறைவாக இருந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று ஆய்வாளர்கள் கரோல் பேக்கரும் டென்னிஸ் காஸ்பரும் 1976இலேயே காட்டினார்கள். கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குச் சேரும். டெட்டனஸ் ஊசியில் நெடுங்காலமாக நடப்பது இதுதான். இந்தக் கிருமியின் ஆறு வகைகளுக்கு எதிராக, ஹிப் ஊசி போலவே சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்துச் செய்த தடுப்பூசி கர்ப்பிணிகளிடமே சோதிக்கப்பட்டிருக்கிறது.

பிறகு ஏன் தாமதம்? ஆயிரம் பிரசவங்களில் ஓரிரு குழந்தைகளுக்குத்தான் இந்த நோய் வருகிறது. ஆகவே பயனை நேரடியாக நிரூபிக்கப் பல்லாயிரம் கர்ப்பிணிகள் தேவை. அதற்கான செலவைப் பார்த்தே பலர் பின்வாங்குகிறார்கள். (நோய் போதுமான அளவு வரவில்லை என்பதால் மருந்து வரவில்லை என்று, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.)

எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தால் குழந்தை தப்பும் என்பதை எல்லா ஆய்வகங்களும் ஒரே அளவுகோலால் அளக்க நிதி கொடுங்கள். பல்லாயிரம் பேரிடம் சோதிக்கக் காத்திராமல், அந்த அளவை ஆதாரமாக ஏற்று உரிமம் வழங்குங்கள். ஊசி புழக்கத்துக்கு வந்தபின் பயனையும் பக்கவிளைவையும் கண்காணிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் மட்டும் கட்டாமல், அதற்கும் இப்போதே பணம் எடுத்துவையுங்கள்.

ஆவன செய்கிறோம் என்ற வரி வேண்டாம். பதிலில் ஒரு தேதி இருக்கட்டும்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்